பதினைந்து வாசலில் வேப்பிலை

"இன்னொரு கொப்பு முறி புள்ள! கெதியா!"

கீழே நின்று அவசரப்படுத்தினாள் அம்மா அன்னப்பூரணி. வேப்பமரத்தின் மேலே பத்து வயதுச் சீதேவி. அன்று அந்த ஊரில் ஒரு வேப்பமரமும் தப்பவில்லை.

அது வெள்ளைக்காரர் ஆண்ட காலம். மட்டக்களப்பு வாவிக் கரையில் பதினைந்தே வீடுகள் உள்ள சின்ன ஊர். வாசலில் வேப்பிலை கட்டினால், அந்த வீட்டுக்கு அம்மாள் வந்திருக்கிறாள், அதாவது யாருக்கோ பெரியம்மை கண்டிருக்கிறது என்று பொருள். வெளியார் யாரும் உள்ளே கால் வைக்க மாட்டார்கள்.

ஆனால் சீதேவி வீட்டில் யாரும் ஒரு தும்மல்கூடத் தும்மவில்லை. அந்த வேப்பிலை முகைதீன்பாவாவை ஏமாற்றக் கட்டியது.

முகைதீன்பாவா காத்தான்குடிக்காரர். அம்மை வராமல் தடுக்க அம்மைப்பால் குத்துவது அவருடைய அரசாங்க வேலை. வாவிக்கு அக்கரையில் நோய் பரவியதால், ஊர் ஊராகத் தோணியில் வந்துகொண்டிருந்தார்.

"கையைக் கீறி நஞ்சை விடுறாராம். கை அழுகிப் போகுமாம். அம்மாளுக்கும் கோவம் வருமாம்" என்றாள் அம்மா.

சீதேவிக்கும் பயம்தான். கத்தி என்றால் பயம், அம்மாள் என்றால் பயம், அம்மை என்றால் அதைவிடப் பயம். அவசர அவசரமாகக் கொப்பை முறித்துப் போட்டாள். பொழுது சாயுமுன் ஊரில் பதினைந்து வாசலிலும் வேப்பிலை தொங்கியது.

இரண்டு நாளாகியும் முகைதீன்பாவா வரவில்லை. பக்கத்து வீட்டு இராசாத்தியும் விளையாட வரவில்லை. ஒரு நாள்கூடச் சீதேவியைக் காணாமல் இருக்கமாட்டாள் அவள்.

மூன்றாம் நாள் காலை சீதேவி வேலியோரம் போய்க் கூப்பிட்டாள்.

"இராசாத்தி! ஏன்கா வாறாய் இல்ல?"

வேலியை விலக்கிப் பார்த்தாள். இராசாத்தி திண்ணையில் பாயில் கிடந்தாள். முகம் முழுக்கக் கொப்புளம். கண் இரண்டும் வீங்கியிருந்தன. தலைமாட்டில் வேப்பிலை கிடந்தது.

"கிட்ட வராத சீதேவி" என்றாள் இராசாத்தி, மெல்லிய குரலில். "உன்ர தம்பிட்டயும் நேத்துச் சொன்னன். அவன் கேக்கல்ல. பனங்கிழங்கு தின்னுட்டுத்தான் போனான்."

மற்ற நாளாக இருந்தால், வாசலில் வேப்பிலையைக் கண்டதும் நாலு வயதுத் தம்பி யோகராசாகூடத் திரும்பி ஓடி வந்திருப்பான். ஆனால் இப்போது எல்லா வாசலிலும் வேப்பிலை. அவன் வீட்டிலும் வேப்பிலை. பிறகு அவன் எதைக் கண்டு பயப்படுவான்?

அவள் வீட்டுக்கு ஓடும்போது வேலிகளுக்கு நடுவே ஒழுங்கையில் ஒரு குடை தெரிந்தது. குடைக்குக் கீழே முகைதீன்பாவா. கையில் ஒரு தகரப் பெட்டி. ஊரே கதவைச் சாத்திக்கொண்டது.

அவர் முதல் வாசலைப் பார்த்தார். வேப்பிலை. அடுத்த வாசல். வேப்பிலை. கடைசி வாசல்வரை பார்த்தார்.

"அல்லாவே! பதினைஞ்சு வீட்டிலயும் அம்மாளா?" என்று சத்தமாகக் கேட்டார். "சரி, அம்மாள் இரிக்கிற வீட்டுக்க நான் எப்படி வாற?"

அவர் குடையைச் சரித்துப் பிடித்துக்கொண்டு தோணித்துறைப் பக்கம் திரும்பினார்.

சீதேவி அவர் போவதையே பார்த்தாள். அவர் போய்விட்டால் தம்பி? அவன் முகத்திலும் கொப்புளம் வந்தால்? கத்தியை நினைத்தாள். அழுகை வந்தது. அழுதுகொண்டே எட்டி, தங்கள் வாசல் வேப்பிலையைப் பிடித்து இழுத்தாள். அது கயிற்றோடு அறுந்து விழுந்தது.

"ஐயோ, என்னடி செய்யிறாய்!" என்று பாய்ந்து வந்தாள் அம்மா.

"எங்கட வீட்டுக்கு அம்மாள் வரல்ல அம்மா. இராசாத்தி வீட்டுக்குத்தான் மெய்யா வந்திரிக்கா. தம்பி நேத்து அங்க போனவன்!"

அம்மா போட்ட சத்தம் ஒழுங்கை முழுக்கக் கேட்டது.

"ஐயா! போகாதீங்க ஐயா!"

முகைதீன்பாவா திரும்பி வந்தார். முற்றத்தில் பெட்டியைத் திறந்தார். உள்ளே சின்னக் கண்ணாடிக் குழாய்கள், பக்கத்தில் பளபளவென்று ஓர் ஊசிக்கத்தி. "முதல்ல ஆரு?"

யோகராசா அம்மாவின் சேலைக்குள் தலையை விட்டான்.

"நான்" என்றாள் சீதேவி. முன்னே வந்து கையை நீட்டினாள்.

வலிக்கத்தான் செய்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, "தம்பி, எறும்பு கடிச்ச மாதிரித்தான்டா" என்றாள். தம்பிக்குக் குத்தியபோது அவன் போட்ட கூச்சலில் துறையில் நின்ற கொக்குகள் பறந்தன. "அக்கா பொய் சொல்லிட்டா!"

அம்மா கடைசியில் கண்ணை இறுக மூடிக்கொண்டு கையை நீட்டினாள்.

எதிர்வீட்டுக் கதவு திறந்தது. அங்கேயும் வேப்பிலை இறங்கியது. பிறகு அடுத்த வீடு, அதற்கடுத்த வீடு. மதியத்துக்குள் ஊரில் ஒரே ஒரு வாசலில்தான் வேப்பிலை இருந்தது. இப்போது யாருக்கு வைத்தியம் வேண்டும் என்று முகைதீன்பாவாவுக்குத் தெரிந்துவிட்டது. அந்த வாசலுக்கு வெளியே நின்றே இராசாத்தியின் தாய் இரத்தினம்மாவுடன் பேசினார். டாக்குத்தரை அனுப்புவதாகச் சொன்னார்.

"தம்பிக்கு வருமா மாமா?" என்று கேட்டாள் சீதேவி.

"வராது எண்டுதான் நினைக்கன். மூணு கிழமை, இருபத்தொரு நாள் பாரு, மகள்."

"இந்த நோய் எப்பவும் வந்துகொண்டேதான் இரிக்குமா?"

"இல்ல மகள். முந்தி வெள்ளைக்காரர்ட சீமையிலயும் வீட்டுக்கு வீடு இரிந்திச்சி. அங்கயும் ஆக்கள் பயந்து ஒளிச்சவங்கதான். குத்திக் குத்தி இப்ப நல்லாக் குறைஞ்சிட்டுது. ஒரு நாளைக்கு உலகத்திலயே இல்லாமப் போகும்."

"அப்ப உங்களுக்கு வேலை?"

முகைதீன்பாவா சிரித்தார். "போகட்டுமே! அதுக்குத்தானே இந்த அலைச்சல். வாப்பாட தறியில இரிந்து சாரம் நெய்வன்."

அதன்பிறகு சீதேவி நாளுக்கு ஒரு மட்டிச் சிப்பியாக எடுத்து வைத்தாள். ஒவ்வொரு காலையும் தம்பியின் முகத்தைத் தடவிப் பார்த்தாள். ஒருநாள் அவன் நெற்றியில் ஒரு சிவப்புப் புள்ளி. அவளுக்கு உயிரே போய்விட்டது. அது கொசுக்கடி.

இருபத்தொரு சிப்பி சேர்ந்தது. தம்பிக்கு ஒன்றும் வரவில்லை. பிறகு ஒரு நாள் இராசாத்தியும் எழுந்து வந்தாள். முகத்தில் தழும்பு இருந்தது. சிரிப்பு மட்டும் பழைய சிரிப்பு.

கண்ணகை அம்மன் கோயிலில் சீதேவி கண்ணை மூடிக்கொண்டு நெடுநேரம் நின்றாள்.

"அம்மாளிட்ட என்ன புள்ள கேட்டாய்?" என்றாள் அம்மா.

"முகைதீன்பாவா மாமாக்குக் கெதியா வேலை இல்லாமப் போகணும் எண்டு கேட்டன்" என்றாள் சீதேவி.