இரண்டாவது லட்டு

ஒப்பப் பலகை இரண்டாம் முறையும் ஜெசிந்தாவின் விரலை ஏற்கவில்லை.

கணவன் லூர்துராஜ் விரல் வைத்தபோது கண்ணாடியில் பச்சை படர்ந்தது. அவள் வைத்ததும் பலகை தானாக அணைந்துபோனது. காரணம் அவள் மணிக்கட்டிலேயே எரிந்துகொண்டிருந்தது. தெளிவுப்பட்டையின் விளக்கு மஞ்சள்.

"இன்னைக்கு இவ்வளவுதாம்மா," என்றார் திரிபுரசுந்தரி. தூத்துக்குடியில் அந்த மழலை இல்லத்தில் தத்துக் கொடுக்கும் பொறுப்பு அவருடையது. "இன்னும் ஒரு அமர்வு இருக்கு. அதுலயும் மஞ்சளாச்சுன்னா செவ்வந்தியை அடுத்துக் காத்திருக்கிறவங்களுக்குக் காட்டணும். சட்டம் அப்படி."

கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் இரண்டரை வயது செவ்வந்தி ஒரு மர வாத்தைக் கோப்பைக்குள் தலைகீழாக நுழைக்கப் பாடுபட்டுக்கொண்டிருந்தாள். கால் மட்டும் உள்ளே போக மறுத்தது.

ஜெசிந்தாவுக்குக் கை நடுங்கியது. நெற்றி வியர்த்திருந்தது. இந்தக் குழந்தையை வீட்டுக்குக் கூட்டிப்போவதைத் தவிர அவள் மனத்தில் வேறு நினைப்பே இல்லை. பிறகு ஏன் மஞ்சள்? கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையில் பல வருடமாக வேலை பார்க்கிறாள். அங்கே ஒருநாளும் மஞ்சள் எரிந்ததில்லை. இங்கே வந்தால் மட்டும் எரிகிறது.

தெளிவுப்பட்டை நல்ல எண்ணத்தில் பிறந்த கருவி. மூளை ஓயாமல் எரிக்கும் எரிபொருள் சர்க்கரை. இரத்தத்தில் அது குறைந்தால் முதலில் கை நடுங்கும், பிறகு கவனம் சிதறும், பிறகு எதைக் கேட்டாலும் 'சரி' என்று சொல்லித் தப்பிக்கத் தோன்றும். ஆட்களைப் பசியோடு காக்கவைத்து, தலை சுற்றும் நேரத்தில் வீட்டையும் நிலத்தையும் எழுதி வாங்கியவர்கள் ஒரு காலத்தில் இருந்தார்கள். அதனால் வந்தது சட்டம்: சர்க்கரை இறங்கிய நிலையில் கொடுத்த சம்மதம் செல்லாது. மஞ்சளானவருக்கு எதையாவது ஊட்டிப் பச்சையாக்கி, அன்றைக்கே கையெழுத்து வாங்குவதும் கூடாது. அதிலும் வற்புறுத்தல் இருக்கலாம் அல்லவா?

பட்டை தோலுக்கடியில் ஒளியைச் செலுத்தி, திரும்பி வரும் ஒளியிலிருந்து சர்க்கரையை அளக்கிறது. முதலில் வந்த பட்டைகள் எண்ணையே காட்டின. மக்கள் நாள் முழுக்க அதைப் பார்த்துப் பார்த்துப் பயந்ததால் எண்ணை எடுத்துவிட்டு இரண்டு நிறங்களை மட்டும் வைத்தார்கள்.

எண் போன இடத்தில் அர்த்தங்கள் குடியேறின. எரிந்து விழுபவனை "என்னல, மஞ்சளா?" என்று கேட்பது வழக்கமாயிற்று. மணமேடையில் பெண்ணின் பட்டை மஞ்சளானால் மண்டபமே கிசுகிசுக்கும். மஞ்சள் என்றால் மனம் ஒப்பவில்லை. சட்டத்தில் அப்படி ஒரு வரிகூடக் கிடையாது. ஆனாலும் அதை எல்லோரும் நம்பினார்கள்.

பேருந்து இறங்கி இருவரும் வீடு வந்தார்கள். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது லூர்துராஜ் கேட்டான்.

"ஜெசி, பிடிக்கலைன்னா சொல்லிரு. நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன்."

"பிடிக்காமயா இத்தன நாளா அலையுதேன்?"

"வாயால நீ சொல்லுத. கை வேற சொல்லுதே."

"அப்ப என்னை நம்ப மாட்டீங்க, இந்த ரப்பர் துண்டைத்தான் நம்புவீங்க?"

அவன் செருப்பை ஓரமாகத் தள்ளிவிட்டு உள்ளே போனான். அதைவிட மோசம், அவளுக்கே அவளை நம்ப முடியவில்லை. ராத்திரி ஷிப்ட் வந்தால் பிள்ளையை யார் பார்ப்பது, தன்னிடம் ஒட்டாமல் போனால் என்ன செய்வது என்ற பயமெல்லாம் அவளுக்கும் உண்டு. அந்தப் பயத்தைத்தான் பட்டை தோண்டி எடுக்கிறதோ?

மறுநாள் ஆலையில் ஒரு நீர்த்தொட்டி சேட்டை செய்தது. பம்பு வேகமாக நிரப்பும்போதெல்லாம் வடிகால் வால்வு அகலத் திறந்து, தொட்டியைப் பாதிக்கும் கீழே வடித்துவிட்டது. ஜெசிந்தாவும் அவளோடு வேலை பார்க்கும் சிக்கந்தரும் திரையில் நீர்மட்டக் கோட்டைப் பார்த்தார்கள். கோடு மலைபோல் ஏறி, இறங்கி, சரியான மட்டத்தைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்தது.

"மட்டமானி தாமதமாச் சேதி அனுப்புதுண்ணே," என்றாள் அவள். "தண்ணி இறங்கினது வால்வுக்குத் தெரியல. பழைய சேதிய வச்சிக்கிட்டு இன்னும் வடிச்சிட்டே கெடக்கு."

"மெதுவா நிரப்பினா இந்தத் தொல்லையே இல்ல. அவசரமா ஊத்தினா அவசரமா வடிக்கும்."

ஜெசிந்தா திரையையும் தன் மணிக்கட்டையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அண்ணே, பட்டைக்குள்ள எண்ணு இருக்குமா?"

"எண்ணு இல்லாம நெறம் எப்படித் தாயி மாறும்? வெளிய காட்டாது, அவ்வளவுதான்."

"அப்ப அதையும் இதே மாதிரி கோடாப் போட்டுப் பாக்கணும்."

இல்லத்தில் நடப்பதை அவள் ஒவ்வொன்றாகச் சொன்னாள். போனதும் லட்டும் பாதாம் பாலும் தருவார்கள். தத்தெடுப்பது நல்ல காரியம், வாய் இனிக்கத் தொடங்க வேண்டும் என்பது அங்கே வழக்கம். பிறகு அறிவுரை, காணொளி, பிள்ளையோடு விளையாட்டு. இரண்டு மூன்று மணி நேரம் கழித்துத்தான் பலகை வரும்.

சிக்கந்தர் கடைக்குப் போய் லட்டும் பாதாம் பாலும் வாங்கி வந்தார். பட்டையின் ஒளிச் செய்தியைத் திரைக்குத் திருப்பிவிட்டார். அவள் தின்றுவிட்டு வேலையைப் பார்த்தாள். கோடு விறுவிறுவென்று ஏறியது. உச்சியில் கொஞ்சம் நின்றது. பிறகு இறங்கத் தொடங்கி, எங்கே நிற்க வேண்டுமோ அங்கே நிற்காமல் பள்ளத்தில் விழுந்தது. அவள் கையிலிருந்த திருப்புளி நடுங்கியது. பட்டை மஞ்சளானது.

"இப்ப உனக்கு எது ஒப்பல? ஆலையா, நானா?" என்றார் சிக்கந்தர்.

நடுக்கத்தோடே அவள் சிரித்துவிட்டாள். எதிரில் பலகை இல்லை, குழந்தை இல்லை, யாரும் எதையும் கேட்கவில்லை. ஆனாலும் மஞ்சள்.

சிக்கந்தர் முதலில் ஆரஞ்சுச் சாறு கொடுத்தார். நடுக்கம் நின்றதும் அவளுடைய டப்பாவைத் திறந்து அவித்த கடலையைத் தின்னச் சொன்னார். சாறு தூக்கிவிடும், கடலை பிடித்து நிறுத்தும்.

ஆலை மருத்துவர் கோட்டைப் பார்த்ததுமே புரிந்துகொண்டார். வேறு காரணம் இருக்கிறதா என்று அறிய இரத்தமும் எடுத்துக்கொண்டார். உணவுக்குப் பின் வரும் சர்க்கரை இறக்கம் என்று அதற்குப் பெயர். இனிப்பு வெள்ளமாக வந்தால் கணையம் அதைச் சமாளிக்க இன்சுலினை அனுப்பும். இன்சுலின் இரத்தத்திலுள்ள சர்க்கரையைத் திசுக்களுக்குள் தள்ளும் வால்வு போன்றது. சிலருக்கு அது தாமதமாக வந்து, தேவைக்கு மேல் வேலை செய்துவிடும். வேலை நாட்களில் ஜெசிந்தா கடலையும் மீனும் முட்டையுமாகக் கொறித்துக்கொண்டே இருப்பவள். அவற்றோடு போகும் மாவுச்சத்து மெதுவாகத்தான் இரத்தத்தில் சேரும். வெள்ளமும் இல்லை, பள்ளமும் இல்லை.

மூன்றாவது அமர்வு வந்தது. திரிபுரசுந்தரி தட்டை நீட்டினார். அதில் இரண்டு லட்டுகள் இருந்தன.

"போன தடவை மாதிரியே இன்னொண்ணும் வச்சிருக்கேன். மஞ்சளாகிறவங்களுக்கு நான் எப்பவும் ரெண்டு குடுப்பேன். தெம்பா இருக்கட்டும்னுதான்."

"இப்ப வேண்டாம் மேடம்."

நல்ல காரியத்தில் இனிப்பை ஒதுக்குவது நல்ல அறிகுறி அல்ல. திரிபுரசுந்தரியின் முகம் மாறியது.

"மனசு இல்லைன்னா பலகை வரைக்கும் போக வேண்டாம்மா. இப்பவே சொல்லிடலாம்."

"மனசு இருக்கு. அதனாலதான் வேண்டாங்கேன்."

ஜெசிந்தா கோட்டைக் காட்டி விளக்கினாள். திரிபுரசுந்தரி நெற்றியைச் சுருக்கினார்.

"இனிப்பு சாப்பிட்டா சர்க்கரை ஏறத்தானே செய்யும்? இறங்கும்கிறீங்களே!"

"ஏறும் மேடம். ஏறின வேகத்துல இறங்கும். உங்க லட்டு ஏத்திவிட்டுருது. பலகை வாரதுக்குள்ள அது என்னை இறக்கியும் விட்டுருது."

"அவ லட்டை எனக்கு வைங்க மேடம்," என்றான் லூர்துராஜ். "எனக்கு எத்தனை தின்னாலும் பச்சைதான்." பிறகு மனைவி பக்கம் திரும்பி, தணிந்த குரலில், "நான் ரப்பர் துண்டை நம்பிட்டேன், ஜெசி," என்றான்.

"இனியாவது ஆளை நம்புங்க," என்றாள் அவள்.

அவள் தன் டப்பாவிலிருந்து அவித்த முட்டையும் கடலையும் சாப்பிட்டாள். அறிவுரை முடிந்தது, காணொளி முடிந்தது. செவ்வந்தி வாத்தை அவள் மடியில் வைத்து, கோப்பையையும் கொடுத்து, நீ நுழைத்துப் பார் என்பதுபோல் நின்றாள். ஜெசிந்தாவாலும் முடியவில்லை. பயம் அப்படியே இருந்தது. ராத்திரி ஷிப்டுக்கு வழி இன்னும் பிறக்கவில்லை. பட்டைக்கு அந்தப் பயம் தெரியவே இல்லை. அது பச்சையாக எரிந்தது.

பலகை அவள் விரலை ஏற்றுக்கொண்டது.

திரிபுரசுந்தரி வாழ்த்துச் சொல்ல எழுந்தவர், பாதியில் மறுபடி உட்கார்ந்துவிட்டார். தட்டில் மீந்திருந்த லட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மஞ்சளாகித் திரும்பிப் போனவங்க இருக்காங்க," என்றார் மெல்ல. "ஒரு அம்மா வாசல் வரைக்கும் அழுதுக்கிட்டே போனாங்க. வேணும்னுதான் மேடம் வந்தேன், ஏன் இப்படின்னு தெரியலைன்னாங்க. உங்க மனசுக்கே தெரியாம உள்ள ஏதோ இருக்கும்மான்னு நான்தான் சமாதானம் சொன்னேன். அவங்களுக்கும் ரெண்டு குடுத்தேன்."

அன்று மாலையே அவர்களை ஒவ்வொருவராக மறுபடி அழைக்கத் தொடங்கினார். சட்டம் மாறவில்லை, பட்டையும் மாறவில்லை. இல்லத்துச் சமையலறையில் மட்டும் வரிசை மாறியது. வந்ததும் அவித்த கடலையும் முட்டையும், அமர்வு நீண்டால் நடுவில் இன்னொரு கைப்பிடிக் கடலை, கையெழுத்து முடிந்த பிறகு லட்டு.