மூன்று தட்டு

குடத்துத் தண்ணீர் மறுபடியும் உப்புக் கரித்தது. காலையில்தான் லூயிசா குடத்தைத் தேய்த்துக் கழுவித் தெருக்குழாயில் பிடித்து வைத்திருந்தாள். கோளாறு தன் நாக்கில்தானோ என்று இன்னொரு வாய் குடித்துப் பார்த்தாள். உப்புதான். கூடவே, சமையலறைத் தரைக்கல்லின் இடுக்கிலிருந்து, வெகுநாள் நனைந்து கிடந்த கயிற்றின் வாடை மெல்லக் கிளம்பி அடுப்படிவரை வந்து நின்றது.

"இன்னாம்மா, தரங்கம்பாடி கடல பையில போட்டுக் கொண்டாந்துட்டியா? எங்க சுவரெல்லாம் ஓதம் ஏறுது" என்றார் பக்கத்து வீட்டு மாணிக்கராஜ், வாசலில் நின்றபடி.

தங்கச் சுரங்கத் தொழிலாளர்களுக்குக் கட்டிய கோரமண்டல் லைன் வீடுகளில் இரண்டு குடும்பத்துக்கு நடுவே ஒரே சுவர். சுரங்கம் மூடும்வரை, ஆட்கள் இறங்கி ஏறும் ஷாஃப்ட் குழியின் வாயில் மணியடித்தவர் மாணிக்கராஜ். கீழிருந்து மூன்று தட்டு வந்தால் ஆள் ஏறுகிறது என்று பொருள். மேலே இருப்பவர் அதே மூன்றைத் திருப்பித் தட்டினால்தான் கயிற்றில் தொங்கும் கேஜ் கூண்டு நகரும்.

லூயிசாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

போன வாரம் சபையாரோடு தரங்கம்பாடி போயிருந்தார்கள். கோட்டையைப் பார்த்துவிட்டு, அலை அரித்த பழைய துறைமுகச் சுவர்மேல் அவளும் கணவன் சைலஸும் நடந்தபோது, காலடிக் கல்லுக்குள்ளிருந்து கேட்டது. டக். டக். டக். சைலஸ் அப்படியே குனிந்தான். அவன் சின்ன வயதில், சுரங்கத்துக்குள் தண்ணீர் புகுந்த ஓர் ஆழ்தளத்தில் சிக்கியவர் அவன் அப்பா. உடல் மேலே வரவே இல்லை. திருப்பித் தட்டப் போன கையை அவள் பிடித்து இழுத்தாள். அப்போதுதான் கண்டாள்: கீழே பாசிக்கல்லில் ஈர விரல் தடங்கள். ஒரே ஆளுடையவை அல்ல; பலருடையவை. தன் கண்ணையே நம்பாததால் அவனிடம் சொல்லவில்லை.

பொழுது சாய்ந்து வெகுநேரமானது. வேலை முடிந்து ரயிலிறங்கி வந்த சைலஸ், சட்டைகூட மாற்றாமல் சமையலறைத் தரையில் உட்கார்ந்தான்.

டக். டக். டக்.

"அப்பா கீழ நிக்கறாரு, லூயிசா. பதில் குடுக்காம எப்படி?"

"அவரு மட்டும் இல்லங்க. நெறய பேரு. நான் பாத்தேன். வேணாங்க."

அவனுடைய இரண்டு கைகளையும் அவள் தன் மடியில் வைத்து அழுத்திக்கொண்டாள். மறுபடி மூன்று. அலமாரியில் பாத்திரங்கள் அதிர்ந்தன. அவன் விரல்கள் துடித்தன. அவள் விடவில்லை. கடைசியில் அவன் தளர்ந்து அவள் தோளில் சாய்ந்தான். தரை அடங்கியது.

தப்பித்தோம்.

நடுச்சுவரின் அந்தப் பக்கம் கட்டில் கிரீச்சிட்டது. அரைத்தூக்கத்தில், மாணிக்கராஜின் பழகிய கை.

டக். டக். டக்.

"இன்னா சைலஸ், எந்த ஷிஃப்ட் ஏறுது இப்போ?"

எங்கோ ஆழத்தில் கயிறு இழுபடத் தொடங்கியது. வாடை ஏறியது. தரைக்கல்லைச் சுற்றி உப்புநீர். கல் அசைந்தது.

இடுக்கில் விரல்கள். ஊறி வெளுத்தவை. நாலு பக்கமும். நெருக்கியடித்து, தங்கள் முறைக்காக.