முழுப் பெயர் சொல்லுங்க!

நகராட்சி அலுவலகத்துக்குப் போன அம்மா அழுத கண்ணோடு திரும்பி வந்தார். நெலிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

அம்மா சபீனா, அரெக்கிப்பா நகரத்துச் சந்தை முனையில் தள்ளுவண்டியில் பாலைஸ் விற்பவர். பட்டைத்தூள் தூவிய அந்த ஐஸ் என்றால் தெருவே நாக்கைச் சப்புக்கொட்டும். இந்த வருடம் புதுச் சட்டம் வந்திருக்கிறது. தெரு வியாபாரிகள் மேல் போலீஸ் வழக்கு ஏதாவது இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் உரிமம்.

"என் பேர்ல திருட்டுக் கேஸ் இருக்காம். நாளையிலேர்ந்து வண்டியை அங்க நிறுத்தக் கூடாதாம்."

"நீயா திருடுன? யாரோ விட்டுட்டுப் போன குடையைத் தூக்கிட்டு அவங்களை ஊரெல்லாம் தேடுன ஆளாச்சே!"

"சபீனா கொந்தோரின்னு கம்ப்யூட்டர்ல இருக்காம்."

"கொந்தோரி, அப்புறம்?"

"அவ்வளவுதான். முழுப் பேரையும் சொன்னேன். அந்த ஆளு காதுலயே வாங்கல."

நெலி துள்ளி எழுந்தாள். அவர்கள் ஊரில் எல்லோருக்கும் இரண்டு குடும்பப் பெயர்கள். முதலில் அப்பா வழிப் பெயர், அடுத்து அம்மா வழிப் பெயர். இரண்டாவதை விட்டால் என்ன ஆகும் என்று அவளுக்கு நன்றாகவே தெரியும். அவள் நெலி சோக்கே கொந்தோரி. அவள் வகுப்பிலேயே நெலி சோக்கே தைப்பே என்று இன்னொருத்தி. பந்தடித்துப் பள்ளி ஜன்னலை உடைத்தவள் தைப்பே. திட்டு வாங்கியவள் இவள்.

நேராகத் தைப்பே வீட்டுக்கு ஓடினாள்.

"ஏய் வாலு, கிளம்புடி! உன்னால ஒரு நல்ல காரியம் ஆகணும்."

"என்னாலயா? நிஜமாவா?"

அம்மாவையும் இழுத்துக்கொண்டு மூவரும் போனபோது அலுவலகத்தில் நீண்ட வரிசை. அம்மாவைப் பார்த்ததும் அலுவலர் முகத்தைச் சுளித்தார்.

"காலையிலேயே சொல்லிட்டேன்ல? திருட்டுக் கேஸ் இருந்தா உரிமம் கிடையாது. அடுத்து யாரு?"

வரிசை முழுவதும் அம்மாவைத் திரும்பிப் பார்த்தது. அம்மா தலையைக் குனிந்துகொண்டார். நெலிக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

"சார், நெலி சோக்கே பள்ளிக்கூட ஜன்னலை உடைச்சுட்டா. யாருக்குத் தண்டனை கொடுப்பீங்க?"

"யாரு அந்த நெலி சோக்கே?"

"நான்தான்!" என்றாள் நெலி.

"நான்தான்!" என்றாள் தைப்பே.

அலுவலர் விழித்தார். "ரெண்டு பேருமா? எந்த நெலி சோக்கே?"

"இதை எங்க அம்மா விஷயத்துல ஏன் சார் கேக்கல?" நெலி கத்தியே விட்டாள். "எங்க பாட்டி வழிப் பேரை எங்க தொலைச்சீங்க? பாதிப் பேரை வச்சு எங்க அம்மாவைத் திருடியாக்கிட்டீங்களே!"

"உடைச்சது நான்தான் சார்," என்று தைப்பே கையைத் தூக்கினாள். அதை அங்கே யாரும் கேட்கவில்லை.

"புள்ள சரியாத்தான் கேக்குது! முழுப் பேரையும் தட்டிப் பாருய்யா!" என்று வரிசையிலிருந்து குரல்கள் எழுந்தன.

அவர் தட்டிப் பார்த்தார். காது சிவந்தது. திருடியவள் சபீனா கொந்தோரி வில்கா. அம்மாவோ சபீனா கொந்தோரி அரோனி.

"சரி, சரி. எடுத்துட்டுப் போங்க." முத்திரை குத்தி உரிமத்தைத் தள்ளினார். மன்னிப்பு என்று ஒரு வார்த்தை? மூச்!

மறுநாள் வெயில் கொளுத்தியது. அதே அலுவலர் வண்டிக்கு முன்னால் வந்து நின்றார்.

"ஒரு பாலைஸ் கொடுங்க, கொந்தோரி அம்மா."

நெலி கோப்பையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். "எந்தக் கொந்தோரி அம்மா?"

"சபீனா கொந்தோரி அரோனி அம்மா. நேத்து நடந்தது என் தப்புதாங்க."

அதன் பிறகுதான் நெலி கோப்பையை நீட்டினாள். பட்டைத்தூள் மட்டும் ஒரு சிட்டிகை குறைவு.