ஓட்டுநர் இருக்கை காலி

கியர் ஓட்டத்துக்கான 'டி'யில்தான் இருந்தது. மிதித்த அளவுக்கு இன்ஜின் உறுமியது. கார் மட்டும் இழுக்க மறுத்து, வாய்க்கால் கரைச் சாலையில் மெல்ல வேகமிழந்து நின்றது. மீட்டரில் 'டி' மறைந்து நியூட்ரலின் 'என்' ஒளிர்ந்தது. குடவாசலுக்கும் கும்பகோணத்துக்கும் நடுவே, இரு புறமும் புதிதாக நட்ட சம்பா வயல், தேங்கிய நீரில் சூடேறிய சேற்றின் வாடை, எங்கோ மோட்டார் கொட்டகையிலிருந்து விடாமல் வரும் ஒரே இரைச்சல். அந்தப் பிற்பகல் மூன்று மணிக்குக் கண்ணுக்கெட்டியவரை ஆளில்லை. சரசா தன் கைகளைப் பார்த்தாள். கியரை அவள் தொடவே இல்லை.

இது ஐந்தாவது முறை.

பக்கத்தில் யாராவது இருந்தால் இந்தக் கோளாறு வராது. சர்வீஸ் சென்டர் ஆட்கள் மூன்று தடவை கூடவே உட்கார்ந்து பார்த்தார்கள். கார் சாதுவாக ஓடியது. வெள்ளிக்கிழமையோடு வாரண்டி முடிகிறது. புனேயிலிருக்கும் மகன் சாய்ராமும் அதே நாளைத்தான் கெடுவாக வைத்திருந்தான். "வண்டியில கோளாறே இல்லைங்கறாங்க. உனக்குத்தாம்மா தடுமாறுது. வித்துட்டு இங்க வந்துடு." கணவர் போனபின், ஐம்பத்தெட்டு வயதில் ஓட்டப் பழகியவள் அவள். கார் போனால், தன் இஷ்டத்துக்கு வாசலைத் தாண்ட அவளுக்கு வேறு வழியில்லை.

கியர், சீட் சென்சார்கள் காட்டுவதைக் குறித்துவைக்கக் காரில் பொருத்தியிருந்த பதிவுக்கருவியை சர்வீஸ் அட்வைசர் ஃபாஜில் மறுநாள் கழற்றிக் கணினியில் செருகினான். வெகுநேரம் திரையையே பார்த்தான்.

"கியர்பாக்ஸ்ல தப்பில்லைங்க மேடம். ஓட்டறவங்க சீட்ல ஆள் இல்லைன்னா வண்டி தானா நியூட்ரலுக்குப் போயிடும். சேஃப்டிக்கு அப்படி வச்சிருக்காங்க."

"நான்தானேப்பா உட்கார்ந்து ஓட்டினேன்?"

"அதாங்க புரியல. அந்த நேரம் முன் சீட் காலின்னு காட்டுது. பின் சீட்ல ஒரு ஆள்." சிரிக்க முயன்றான். "ஓடற வண்டியில பின்னாடி தாவினீங்களா?"

"முட்டி வலிக்காக ஆட்டோமேட்டிக் வாங்கினவப்பா நான். தாவறாளாம்!"

"சென்சார்தான் போயிருக்கும். கோளாறு வர்றதை நேர்ல பாத்துட்டா கிளைம் போட்டுடலாம். நீங்க தனியா ஓட்டுங்க, நான் பைக்ல பின்னாடியே வர்றேன். போனை ஸ்பீக்கர்ல போட்டு வைங்க."

அதே சாலை. அதே வெயில். ஸ்பீக்கரில் காற்றிரைச்சலும் ஃபாஜிலின் ஹாரனும் துணைக்கு வந்தன. வாய்க்கால் கரை ஏறியதும் இன்ஜின் உறுமியது. 'என்'.

கார் வேகமிழந்தது. மோட்டார் கொட்டகையின் இரைச்சல் நின்றுபோயிருந்தது. தேங்காயெண்ணெய் வாசனை வந்தது. அவள் தலையில் தேய்க்கும் எண்ணெய்தான்.

முன்பக்கமிருந்து வந்தது.

"மேடம்," ஃபாஜிலின் குரல். "பின் சீட்ல யாருங்க? தனியாதானே ஏறினீங்க?"

அவள் பிரேக்கை அழுத்தினாள். காலுக்கடியில் பெடல் இல்லை, வெறும் தரைவிரிப்பு. கைகள் மடியில் கிடந்தன. எதிரே ஸ்டீயரிங் இல்லை. முன் சீட்டின் முதுகு. அதற்கு மேல் நரைத்த ஒரு கொண்டை.

கத்தினாள். சத்தம் வரவில்லை. கதவு திறக்கவில்லை.

பைக் பக்கத்தில் வந்தது. ஃபாஜில் குனிந்து பின் சீட்டைப் பார்த்தான். நேராக அவள் முகத்தை. அவன் கண்கள் எதிலும் நிற்கவில்லை.

"யாருமில்லைங்க. கண்ணாடியில ஏதோ நிழல் போல."

'டி' ஒளிர்ந்தது. கார் ஒரு குலுக்கலுமில்லாமல் நகர்ந்தது.

"அட, எடுத்துடுச்சே மேடம்!"

"ஆமாம்ப்பா," என்றது முன் சீட்டிலிருந்து சரசாவின் குரல். "தப்பு என்னோடதுதான். இனிமே வராது. நீ போ."

பைக் திரும்பியது. பின் கண்ணாடியில் இரண்டு உள்ளங்கைகளையும் அழுத்தியபடி, அது கும்பகோணம் பக்கமாகச் சிறுத்துப் போவதைச் சரசா பார்த்துக்கொண்டிருந்தாள். கொண்டை திரும்பவில்லை. சாலையிலிருந்து கண்ணெடுக்காமல், நிதானமாக, நன்றாகவே ஓட்டியது.