மஞ்சள் படிந்த விரிப்பு

நாற்பத்தெட்டு!

மருமகள் மாமனாரின் மணிக்கட்டில் மறுபடியும் விரல் வைத்து, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி ஒரு நிமிடம் முழுக்க எண்ணினாள். அதே நாற்பத்தெட்டுதான். நாடி அறுபதுக்குக் கீழே போனால் இதய மாத்திரையைக் கொடுக்காமல் உடனே கூப்பிடச் சொல்லி டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். ஆறு வருடமாக நாள் தவறாமல் எண்ணிப் பார்த்துத்தான் கொடுக்கிறாள். பாராட்டு யாருக்கு வேண்டும், ஏச்சு இல்லாமல் இருந்தாலே போதாதா?

அவள் மாத்திரையைத் திரும்ப டப்பாவில் போட்டதை, பத்து நாளாக வந்து தங்கியிருக்கும் நாத்தனார் பார்த்துவிட்டாள்.

“நெனச்சேன்! மாத்திரையே குடுக்கறதில்லன்னு அப்பா தினமும் சொல்றாரு... இன்னைக்குக் கையும் களவுமா பாத்துட்டேன்! என் தம்பி வேலைக்குக் கிளம்பினதும் இதுதான் நடக்குதா?”

“ஐயோ, அண்ணி! நாடி ரொம்பக் கொறைஞ்சிருக்கு. மாமா போட்டுக்கிட்டதையே மறந்துட்டுச் சொல்றாரு...”

பெரியவர் தலையைத் தூக்கினார். “விரிப்பைப் பாரு, மஞ்சளா கெடக்கு. ஒழுங்கா துவைக்கக்கூடத் தெரியல இவளுக்கு.”

நேற்றிலிருந்து இதே பாட்டுத்தான். நேற்றுக் காலைதான் கை நோக அதைத் துவைத்துப் போட்டிருந்தாள். ஆனால்... விரிப்பு வெள்ளையாகத்தானே இருக்கிறது! மாத்திரையோடு கொடுக்க வைத்திருந்த பால் தம்ளரை எடுத்து நீட்டினாள்.

“மாமா, இந்தப் பால் என்ன நிறம்?”

“அதுவும் மஞ்சள்தான். குமட்டுது, எடுத்துட்டுப் போ.”

அவளுக்குத் திக்கென்றது. மருந்து உடம்பில் மிஞ்சிவிட்டால் பசி போகும், பார்ப்பதெல்லாம் மஞ்சளாகத் தெரியும் என்றும் டாக்டர் சொல்லியிருந்தாரே!

“அண்ணி, நீங்க ஏதாவது மாத்திரை குடுத்தீங்களா? மறைக்காதீங்க!”

நாத்தனாரின் முகம் வெளிறியது. “அப்பா கேட்டாரேன்னு... மருந்துக் கடையில டாக்டரோட பழைய சீட்டைக் காட்டி வாங்கி... தினமும் மத்தியானம் ஒண்ணு...”

மருத்துவமனையில் ரத்தப் பரிசோதனையும் அதையேதான் சொன்னது. “இன்னைக்கும் ரெண்டு உள்ள போயிருந்தா...” என்று டாக்டர் தலையை ஆட்டினார். மூன்று நாள், இதயத் துடிப்பைக் காட்டும் திரைக்கு எதிரே இரண்டு பெண்களும் உட்கார்ந்திருந்தார்கள்.

வீடு திரும்பியதும் பெரியவர் கட்டிலில் சாய்ந்து விரிப்பைத் தடவினார். “பளிச்சுனு இருக்கே! நீ துவைச்சியாம்மா?” என்று மகளைக் கேட்டார்.

நாத்தனார் உடைந்து போனாள். “யாரும் துவைக்கலப்பா... அதே விரிப்புதான். அன்னைக்கு அவ துவைச்சுப் போட்டதுதான்!” மருமகளின் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்களில் ஒற்றிக்கொண்டாள். “என்னை மன்னிச்சிடும்மா... எங்கப்பாவ நானே கொன்னுருப்பேனே!”

“விடுங்க அண்ணி. அக்கறையிலதானே குடுத்தீங்க,” என்றாள் அவள், தானும் அழுதுகொண்டே.

பெரியவர் விரிப்பை இன்னொரு முறை தடவினார். பிறகு மருமகளைப் பார்த்து மெல்லக் கையை நீட்டினார்.

“எண்ணும்மா.”