எல்லாரும் ஏறியாச்சா?

1985 பிப்ரவரி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, பழவேற்காட்டிலிருந்து ஆரம்பாக்கத்துக்கு ஒரு ஃபைபர் படகு ட்ரெய்லரில் கொண்டுபோகப்பட்டது. முந்தைய ஐப்பசியில் முகத்துவாரத்தில் கவிழ்ந்த படகு அது. அதில் போன மூன்று பேரும் கிடைக்கவில்லை.

அந்த மூவரில் ஒருவன் எல்லப்பன். படகு அவனுடையது, இப்போது அவன் மனைவி கஸ்தூரியுடையது. ஆரம்பாக்கத்தில் இருக்கும் தன் தம்பி அர்ஜுனன் அதில் தொழிலுக்குப் போவான், தானும் பிறந்த வீட்டோடு இருந்துவிடலாம் என்று அவள் முடிவு செய்திருந்தாள். மாமியார் வீட்டார் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்த நாளாகப் பார்த்து ஜீப்புக்காரன் பஷீரை வரச் சொல்லியிருந்தாள்.

பஷீர் முன்பு பொன்னேரி பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவன். கயிறுகளை இழுத்துக் கட்டினான். ஜீப்பையும் ட்ரெய்லரையும் இணைக்கும் கொக்கியில் பின்னைச் செருகி, சங்கிலியை மாட்டி, டயர்களை உதைத்துப் பார்த்தான். எல்லாம் சரியாக இருந்தது. பழைய வழக்கம் விடவில்லை. படகைப் பக்கவாட்டில் இரண்டு தட்டுத் தட்டினான்.

"எல்லாரும் ஏறியாச்சா? போலாம், ரைட்!"

கருவாடு புரட்டிக்கொண்டிருந்த முனியம்மாள் நிமிர்ந்தாள்.

"இன்னா பாய் கேட்டுட்ட?"

"ஏன், இன்னா கேட்டேன்?"

"அது தண்ணில எறங்குறப்போ கேக்குறது. அதுவும் ஆளுங்க இருந்தா. தரையில, காலிப் படகாண்ட யாராச்சும் கேப்பாங்களா?"

"வுடு ஆயா. டிக்கெட் இல்லாதவன வழியில எறக்கிவுட்டுடறேன்."

ட்ரெய்லரின் ஸ்பிரிங் பட்டை முனகியது.

கஸ்தூரியை முன் சீட்டில் ஏற்றிக்கொண்டு பஷீர் கிளம்பினான். ஊரைத் தாண்டியதுமே ஸ்டியரிங் லேசாகிவிட்டது. ஜீப்பின் பின்புறத்தை யாரோ தூக்கிப் பிடித்ததுபோல இருந்தது. கொஞ்சம் வேகம் எடுத்தால் ட்ரெய்லர் இப்படியும் அப்படியும் வாலாட்டியது. முன்பக்கம் பாரம் இருந்தால்தான் ட்ரெய்லர் சொன்னபடி வரும். பின்பக்கம் பாரம் ஏறினால் இழுக்கிற வண்டியையே புரட்டிவிடும்.

பஷீர் எரிச்சலோடு இறங்கி நங்கூரத்தை முன்னால் நகர்த்தினான். ஓடியது, மறுபடி ஆடியது. வலையை நகர்த்தினான். அதுவும் போதவில்லை. சாலையோரத்து மணலைச் சாக்கில் அள்ளி முன்முனையில் வைத்தான். வியர்வையில் சட்டை ஒட்டிக்கொண்டதுதான் மிச்சம். படகின் பின்பக்கம் தாழ்ந்தே கிடந்தது.

"பேயாட்டம் கனக்குது" என்று முனகியவன், சொன்ன சொல்லைக் கேட்டு நிறுத்திக்கொண்டான்.

மாதக்கணக்கில் வெயிலில் காய்ந்த படகு அது. அதன் பின்முனையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

சேற்று நாற்றம் அடித்தது.

"திரும்பிடலாம் யம்மா" என்றான் கஸ்தூரியிடம்.

"திரும்புனா படகு போச்சு பாய். அந்த வூட்டுல மறுபடி என்னையும் வெளிய வுட மாட்டாங்க. நீதானே ஏத்துன? நீயே எறக்கு."

வேறு வழி தெரியாமல், காலிப் படகைப் பார்த்து பஷீர் கண்டக்டர் குரலில் கத்தினான். "எல்லாம் எறங்கு! பஸ்ஸு போவாது!"

ஸ்பிரிங் சற்றே உயர்ந்தது.

மறுபடி சற்றே உயர்ந்தது.

பிறகு அசையவில்லை.

தார்ச்சாலையில் ஈரக் கால்தடங்கள் ஏரிப் பக்கமாகப் போயின. இரண்டு பேருடையவை.

"இன்னும் ஒரு ஆளு..." என்றான் பஷீர்.

கஸ்தூரி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டாள். "அது எம் புருசன், எறங்காது. உயிரோட இருக்கறப்பவே நான் சொல்லி ஒண்ணு கேட்டதில்ல. எல்லாரும் தள்ளுவாங்க, அது மட்டும் பின்னால குந்திகினு இருக்கும்." சக்கரத்தில் கால் வைத்துப் படகில் ஏறினாள்.

"யம்மா! ட்ரெய்லர்ல ஆள் ஏத்தவே கூடாது. ஆடிச்சுன்னா தூக்கி எறிஞ்சிடும்."

"அங்க ஒண்ணு குந்திகினு கீதே, அத்த எறிஞ்சிதா? நீ வண்டிய எடு."

அவள் படகின் முன்முனையில், பின்பக்கம் பார்த்து உட்கார்ந்தாள். ஜீப்பின் பின்புறம் அடங்கித் தாழ்ந்தது. பஷீர் மெதுவாக எடுத்தான். ட்ரெய்லர் கோடு போட்டதுபோல நேராக வந்தது.

வழியெல்லாம் அவள் திட்டிக்கொண்டே வந்தாள். "அன்னிக்கே போவாதேனு சொன்னேனா இல்லியா? இப்போ எங்கூட வர்றதுக்கு மட்டும் இன்னா அவசரம்?" நடுநடுவே, பதிலுக்குக் காத்திருப்பதுபோல நிறுத்தினாள்.

கும்மிடிப்பூண்டி தாண்டியதும் பேச்சு நின்றது. சமாதானமாகிவிட்டாள் என்று பஷீர் நினைத்தான். கண்ணாடியில் பார்க்கவில்லை. ஸ்டியரிங்கின் கனம் மாறவில்லை.

ஆரம்பாக்கத்தில் அர்ஜுனன் எதிரே ஓடிவந்தான். படகைப் பார்த்தான், ஜீப்புக்குள் பார்த்தான்.

"அக்கா எங்க பாய்?"

படகின் முன்முனை நனைந்திருந்தது. மணல் சாக்கு இருந்தது, நங்கூரம் இருந்தது, வலை இருந்தது.

வந்த வழியெல்லாம் தேடினார்கள். கஸ்தூரி கிடைக்கவில்லை. மறுநாள் சாக்கு, நங்கூரம், வலை எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, ஊர் ஆண்கள் கூடிக் காலிப் படகைத் தூக்கிப் பார்த்தார்கள். முன்பக்கமும் பின்பக்கமும் ஆள் உட்கார்ந்ததுபோலச் சரிசமமாகக் கனத்தன. படகு ட்ரெய்லரைவிட்டு எழும்பவில்லை.

பஷீர் கொக்கியின் பின்னைக் கழற்றி, ட்ரெய்லரை அங்கேயே விட்டுவிட்டு, ஜீப்பை மட்டும் ஓட்டிக்கொண்டு பழவேற்காடு திரும்பினான்.