கழட்டினா நின்னுடும்

வாட்ச் ரிப்பேர்க் கடைக்காரருக்கு வாய் கொஞ்சம் நீளம். "ஓடல, ஆனா உள்ள தட்டுது" என்று அண்ணி சொன்னதும், "வண்டு ஏதாவது குடும்பம் நடத்துதாம்மா?" என்று சிரித்தபடி வாங்கிக் காதில் வைத்தார்.

டொக். டொக். டொக்.

சிரிப்பு நின்றது.

அது செத்துப்போன அண்ணனின் வாட்ச். சாவி கொடுக்க வேண்டாம். கட்டியிருக்கும் கை அசைந்தாலே ஓடும்.

கூட வந்த தம்பிக்கு அந்தத் தட்டல் புதிதல்ல. அண்ணனும் அவனும் மரச்சாமான் கிடங்கு நடத்தினார்கள். தினமும் தம்பி நிலவறையின் இரும்புக் கதவைப் பூட்டியதும் அண்ணன் உள்ளேயிருந்து மூன்று தட்டுத் தட்டுவார். பிறகு பின்வாசல் வழியாக வந்து பல்லைக் காட்டுவார். நாற்பத்தெட்டு வயதில் அந்த விளையாட்டு. மூன்றாம் தேதியும் தட்டினார். தம்பிக்கு ரயிலுக்கு நேரமாகிவிட்டது. "புலி வருதாம் புலி" என்று முணுமுணுத்துக்கொண்டு போய்விட்டான். அண்ணி கோபித்துக்கொண்டு பிறந்த வீட்டில் இருந்தாள். கிடங்குக்கு அந்த வாரம் லீவு, நிலவறையில் போனுக்குச் சிக்னல் கிடையாது; தேட ஆளில்லை. பின்வாசலை வெளிப்பக்கம் அடைத்துப் பன்னிரண்டு பீரோக்களை அன்று அடுக்கச் சொன்னது தானேதான் என்பது, ஒன்பதாம் தேதி திரும்பி வந்து கதவைத் திறந்தபோதுதான் அவனுக்கு உறைத்தது.

"உள்ள போனதுமே நெஞ்சடைப்பு, அண்ணி. துளிகூட வேதனை இல்ல" என்றான். அந்தப் பொய்யைப் பிடித்துக்கொண்டுதான் அவளுக்குச் சோறு இறங்கியது. அவனுக்கும்தான்.

கடைக்காரர் பின்மூடியைத் திருகிக் கழற்றினார்.

"உள்ள சுத்துற தகடு லூசாயிருக்கு. கையை எதுலயோ ஓங்கி ஓங்கி அடிச்சிருக்காரு. விளிம்புல பச்சைப் பெயிண்ட் பாருங்க. எப்ப நின்னுச்சு?"

"கையிலேர்ந்து கழட்டினப்பவே நின்னிருந்துச்சு. தேதிக் கட்டத்துல எட்டு."

"கை அசையலன்னா ரெண்டு நாள் தாங்கும். அப்ப ஆறாம் தேதி வரைக்கும் அசைஞ்சிருக்கும்மா."

நிலவறைக் கதவின் நிறம் பச்சை.

அண்ணி மெல்லத் திரும்பினாள். "தம்பி, பூட்டுறப்ப சத்தம் ஏதாவது கேட்டுச்சா?"

"இல்ல அண்ணி."

லூசான தகடு துணிமேல் தனியாகக் கிடந்தது. மிச்ச வாட்ச் கடைக்காரர் உள்ளங்கையில்.

டொக். டொக். டொக்.

ஒரு வாரத்தில் சர்வீஸ் முடிந்தது. அண்ணியே அதை அவன் கையில் கட்டிவிட்டாள். "நீங்களே போட்டுக்கோங்க. கழட்டிடாதீங்க, நின்னுடும்." குரலில் கோபமில்லை.

வீட்டுக்கு வந்ததும் கழற்றி மேசை டிராயரில் போட்டுப் பூட்டினான். ரெண்டு நாள்தானே, நின்று தொலையட்டும்.

பத்தாம் நாள் மதியம் திறந்தான்.

நொடிமுள் ஓடிக்கொண்டிருந்தது.

அவிழ்த்துப் போட்ட வார் கொக்கி மாட்டி வளையமாக இருந்தது. அண்ணனின் ஒல்லிக் கைக்கென்று குத்திய கடைசி ஓட்டையில்.

தொட்டான். உடம்புச் சூடு.

டிராயரை அறைந்து சாத்தினான். பழகிய கை, கேட்காமலே பூட்டியது.

உள்ளேயிருந்து மூன்று தட்டு.